வயிற்றில் கை வைப்பதற்கு முன்

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்கு வரும் சாலைகள் காவியும் பச்சையுமாக நிறைந்துவிடுகின்றன. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடியோடு நடந்து வருகிறார்கள். மதுரை, திண்டுக்கல் கூட்டம் ஒட்டன்சத்திரம் வழியாக வருகிறது. கொங்குநாட்டுக் கூட்டம் உடுமலை வழியாக. பல நாள் நடை, நேரம் கெட்ட சாப்பாடு, ஊருக்கு ஊர் மாறும் தண்ணீர். கால் கொப்புளத்தோடு வயிற்று வலியும் சேர்ந்து வருவதில் வியப்பில்லை. "வவுறு புடிச்சு இழுக்குதுங்க டாக்டரய்யா" என்று ஒருவர் சாலையோர மருத்துவ முகாமில் வந்து உட்கார்ந்தால், அங்கே ஸ்கேன் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒரு கட்டில், ஒரு டார்ச், ஒரு ஸ்டெதஸ்கோப், மருத்துவரின் இரண்டு கைகள். மாத்திரை கொடுத்து மேற்கொண்டு நடக்க விடுவதா, 108-க்குச் சொல்வதா என்பதை ஐந்து நிமிடத்தில் அவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பதுதான் இந்த உரையின் பொருள்.

பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். வலி வயிற்றில், மருத்துவரோ கையைப் பிடித்து நகத்தைப் பார்க்கிறார், கண்ணிமையை இழுத்துப் பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார். "வலி இங்கங்க" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினாலும் அவசரப்படுவதில்லை. வயிற்று நோயின் அடையாளங்களில் பெரும்பகுதி வயிற்றுக்கு வெளியே இருப்பதே காரணம். நகம் வெளுத்து, உள்ளங்கை ஓரம் சிவந்து, மார்பில் சிலந்திக் கால்களாகக் கிளைவிட்ட சிறு ரத்தக்குழாய்கள் தெரிந்தால், கல்லீரல் நெடுநாளாகக் கெட்டிருக்கலாம் என்று சந்தேகம் எழுகிறது. அந்தச் சிலந்தியின் நடுப்புள்ளியை அழுத்தினால் கால்கள் மறைந்துவிடும். விரலை எடுத்தால் நடுவிலிருந்து மறுபடி நிரம்பும். இரு கைகளையும் முன்னே நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் சிலருக்குக் கைகள் தடதடவென்று விழுந்து எழும். கல்லீரல் அகற்றத் தவறிய நச்சு மூளை வரை போய்விட்டது என்பதன் குறி அது. இடது காறையெலும்புக்கு மேலே கெட்டியாக ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டால், வயிற்றுக்குள் புற்று இருக்கிறதா என்று தேட வேண்டும். ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோவின் பெயர் அதற்கு. காமாலையைக் காண குண்டு பல்பு வெளிச்சம் உதவாது. பகல் வெளிச்சத்தில், கண்ணின் வெள்ளையில் பார்க்க வேண்டும். சாலையோரப் பந்தலுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி அந்த வெயில்தான். ஜன்னலே இல்லாமல் குளிரூட்டிய புதிய மருத்துவமனை அறைகள் பலவற்றில் அது இல்லை.

சித்தர் போகரின் பெயர் சொல்லும் பழனியில் இந்த வரிசை புதிதாகத் தோன்றாது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று போகிறது. எட்டில் கை படுவது இரண்டில். மற்றவை கண்ணுக்கும் காதுக்கும் உரியவை. மகோதரம், குன்மம், காமாலை என்று வயிற்று நோய்களைப் பிரித்துப் பெயரிட்டவர்களும் அவர்களே. நோய்க்குக் காரணம் சொல்வதில் சித்தமும் அலோபதியும் வெவ்வேறு வழியில் போகின்றன. அந்த வேறுபாட்டைப் பூசி மெழுக வேண்டியதில்லை. தொடுவதற்கு முன் பார் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று.

அடுத்து, வயிற்றைத் திறந்து பார்ப்பது. மார்பின் கீழிருந்து தொடை வரை தெரிய வேண்டும் என்கின்றன பாடநூல்கள். புடவையும் வேட்டியும் கட்டிய ஊரில் அது எளிதல்ல. திரை வேண்டும், பெண்ணுக்குப் பெண் துணை வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். இதற்குக் கூச்சப்பட்டுப் புடவை மடிப்புக்கு மேலேயே கையை வைத்து முடித்துக்கொள்ளும்போது தப்பிப்போவது தொடை இடுக்கு. குடல் அடைத்து வாந்தியும் உப்புசமுமாக வரும் ஒருவருக்குக் காரணம், தொடை இடுக்கில் சிக்கிக்கொண்ட நெல்லிக்காய் அளவுக் குடலிறக்கமாக இருக்கலாம். வயதான பெண்களிடம் இது அதிகம் தவறவிடப்படுகிறது. அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். இருமச் சொல்லி அந்த இடத்தைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

வெறுமனே பார்ப்பதில் தெரிவது கொஞ்சமல்ல. தொப்புளைச் சுற்றி நரம்பு புடைத்திருந்தால், இரண்டு விரலால் அதன் ரத்தத்தை வழித்துவிட்டு ஒரு விரலை எடுத்து, எந்தப் பக்கமிருந்து நிரம்புகிறது என்று பார்க்கிறார்கள். தொப்புளிலிருந்து வெளிநோக்கி ஓடினால் கல்லீரலுக்குப் போகும் சிரையில் அழுத்தம். எல்லாமே மேல்நோக்கி ஓடினால் உடலின் கீழ்ப் பெருஞ்சிரையில் அடைப்பு. ஒரு பைசா செலவில்லை. கணையம் கடுமையாக வீங்கி ரத்தம் கசிந்தால், ஓரிரு நாளில் தொப்புளைச் சுற்றியோ விலாவின் கீழோ தோல் நீலம் பாயலாம். தொப்புளில் தோன்றும் நீலத்தை 1918-இல் மருத்துவர் கல்லன் எழுதிவைத்தார். விலாவில் தோன்றுவதை 1920-இல் கிரே டர்னர். கல்லன் அதைக் கண்டது கணைய நோயில் அல்ல, கருப்பைக்கு வெளியே கரு தங்கி வெடித்த ஒரு பெண்ணிடம்.

தொப்புளுக்கு இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வில்லியம் மேயோவுக்கு அறுவைக் கூடத்தில் துணை நின்றவர் மேரி ஜோசப் என்ற கன்னிகாஸ்திரி. நோயாளியின் வயிற்றை அறுவைக்காகத் தயார் செய்யும்போது, தொப்புளில் கெட்டியான முடிச்சு உள்ளவர்களுக்கு உள்ளே புற்று பரவியிருப்பதை அவர் கவனித்தார். மேயோ 1928-இல் அதைப் பற்றி எழுதினார். சிஸ்டர் 1939-இல் காலமானார். பத்து ஆண்டு கழித்து ஆங்கில அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அந்த முடிச்சுக்கு அவர் பெயரையே வைத்தார். நோய்க்குறிகளின் பெயர்ப் பட்டியலில் பெரும்பாலோர் ஆண் மருத்துவர்கள். அதில் ஒரு செவிலியின் பெயர் நின்றுவிட்டது. வார்டில் காலையில் உடம்பு துடைத்துவிடும் கைகள் எத்தனையோ கண்டிருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு வயிறுகளுக்கென்று சில எழுத்துகள் உண்டு. அறுபது வயதைத் தாண்டிய சிலருக்கு மேல்வயிற்றின் நடுவே நெட்டாக ஒரு பழைய தழும்பு இருக்கும். "அல்சருக்கு ஆபரேஷன் பண்ணுனதுங்க" என்பார்கள். முன்சிறுகுடல் புண் தென்னிந்தியாவில் அவ்வளவு பரவலாக இருந்தது. மைசூரில் பணியாற்றிய ஆங்கில அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, அரிசி தின்னும் பகுதிகளுக்கும் கோதுமை தின்னும் பகுதிகளுக்கும் இதில் உள்ள வேறுபாட்டைப் பல காலம் ஆராய்ந்தார். புண் ஆறி, தழும்பு இறுகி, இரைப்பையின் வாயை அடைத்துவிட்டால், முந்தின நாள் சாப்பிட்டது மறுநாள் வாந்தியில் வரும். அத்தகைய நோயாளியைப் படுக்கவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் காத்திருந்தால், இடது விலாவின் கீழிருந்து வலப்பக்கமாக ஒரு அலை மெல்ல எழுந்து நகர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். இடுப்பைப் பிடித்து அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்கும். எம்.பி.பி.எஸ். தேர்வுகளில் இது வாடிக்கையான கேஸாக இருந்த காலம் உண்டு. 1982-இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பிடித்தார்கள்; 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரையில் தீரும் நோயாக அது மாறியபின் அந்த அலையைக் கண்ணால் காண்பது அரிதாகிவிட்டது. நோயாளிகளுக்கு நல்லது. அலையைப் பார்த்தறியாத இளம் மருத்துவரிடம் அது என்றாவது வந்து நிற்கும்போதுதான் சிக்கல்.

இனிதான் கை. முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். வயிற்றுத் தசை தளர்கிறது. கை சில்லென்று இருந்தால் உரசிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வலிக்கும் இடத்தைக் கடைசியாகத் தொட வேண்டும். கண் வயிற்றில் இருக்கக் கூடாது, நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே அழுத்தினால் பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். முகம் சுளிப்பது பொய் சொல்வதில்லை.

குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலது அடிவயிற்றில் போய் உட்கார்ந்துவிடும். வலது இடுப்பெலும்பு முனைக்கும் தொப்புளுக்கும் இடையே ஒரு கோடு போட்டு, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரலை வைத்தால் நோயாளி துள்ளுவார். 1889-இல் நியூயார்க்கின் மெக்பர்னி குறித்துக்கொடுத்த புள்ளி அது. பித்தப்பை வீங்கியிருந்தால், வலது விலாவின் கீழ் கையை வைத்து மூச்சை இழுக்கச் சொல்லும்போது மூச்சு பாதியில் நின்றுவிடும்; சிகாகோவின் மர்ஃபி கண்டது. கர்ப்பிணிக்கு வளரும் கருப்பை குடல்வாலை மேலே தள்ளிவிடுவதால் வலிக்கும் இடம் மாறலாம் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

தொடாமலே கிடைக்கும் சிறந்த தகவல் ஒன்று, நோயாளி எப்படிப் படுத்திருக்கிறார் என்பது. சிறுநீரகக் கல் நகரும்போது மனிதர் உருளுவார், எழுவார், சுவரைப் பிடிப்பார், ஒரு இடத்தில் நிற்க முடியாது. இரைப்பைப் புண் ஓட்டையாகி அமிலம் வயிற்றறைக்குள் கொட்டியவரோ அசையாமல் கிடப்பார். கட்டிலை யாராவது இடித்தாலும் வலி. அவர் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்காது. தொட்டால் பலகையாக விறைத்திருக்கும். இரண்டு பேரும் "உயிர் போற வலி" என்றுதான் சொல்வார்கள். ஒருவருக்கு வலி ஊசியும் தண்ணீரும் போதலாம், மற்றவருக்கு அன்றே அறுவை வேண்டும்.

லண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921-இல் அவசர வயிற்று வலியைப் பற்றி எழுதிய சிறு நூல் நூறாண்டு கடந்தும் மறுபதிப்பாகிறது. (1947-இல் அந்தப் பாடத்தை முழுக்கச் செய்யுளாகவே எழுதி, புனைபெயரில் வெளியிட்டார். மனப்பாடம் செய்ய மருந்து வாகடத்தைப் பாட்டாகப் பாடிய ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இராது.) நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரெனக் கடும் வயிற்று வலி வந்து ஆறு மணி நேரத்துக்கும் விடாமல் நீடித்தால், பெரும்பாலும் அது அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய நோய் என்பது கோப் தந்த பொது விதி. வீட்டில் இருப்பவர்கள் இந்த உரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதானால் அந்த ஆறு மணி நேரத்தை எடுத்துச் செல்லலாம். நோய் தெரியும் முன் வலி மருந்து கொடுத்தால் அடையாளம் மறைந்துவிடும் என்ற பழைய அச்சத்தைப் பின்வந்த ஆய்வுகள் தளர்த்திவிட்டன. மருத்துவமனையில் வலி குறைத்துவிட்டுச் சோதிப்பதில் தவறில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் கிடப்பது வேறு விஷயம்.

மண்ணீரலுக்கு இந்தியாவில் தனி வரலாறே இருக்கிறது. அது வீங்கினால் இடது விலாவிலிருந்து தொப்புளைத் தாண்டி வலது அடிவயிற்றை நோக்கி வளரும். ஆகவே கையை வலது அடியிலிருந்து தொடங்கி, மூச்சுக்கு மூச்சு மேலே ஏற்ற வேண்டும். நேராக விலாவடியில் கை வைப்பவர், மிகப் பெரிய மண்ணீரலின் நடுவிலேயே கையை வைத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதிவிடக்கூடும். 1840-களில் வட இந்தியாவில் யமுனைக் கால்வாய்ப் பாசனம் காய்ச்சலைப் பெருக்குகிறதா என்று பார்க்க அமைந்த குழுவில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் இருந்தார். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதே தெரியாத காலம். அவர் ஊர் ஊராகப் போய் மக்களின் வயிற்றைத் தொட்டு, எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எண்ணினார். ஒரு மனிதனின் நோயை அல்ல, ஒரு ஊரின் நோயைக் கை அளந்தது. பிற்காலத்தில் இரண்டு முதல் ஒன்பது வயதுவரையுள்ள குழந்தைகளின் மண்ணீரல் விகிதமே ஊரின் மலேரியா அளவுகோலாயிற்று.

சென்னையில் 1903-இல் அரசு பொது மருத்துவமனையின் சார்லஸ் டொனோவன், காய்ச்சலும் பெருத்த மண்ணீரலுமாகக் கிடந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த துளியில் நுண்ணுயிரியைக் கண்டார். அதே ஆண்டு மருத்துவர் லீஷ்மன், கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் இருந்து திரும்பி இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தாம் கண்டதை வெளியிட்டிருந்தார். இருவர் பெயரும் சேர்ந்து காலா அசார் என்ற அந்தக் காய்ச்சலின் கிருமிக்கு வந்தன. நுண்ணோக்கி முடிவைச் சொன்னது. ஊசியை எங்கே செலுத்துவது என்று சொன்னது கை.

தட்டிப் பார்ப்பது ஆஸ்திரியாவின் அவென்புருகர் 1761-இல் நூலாக எழுதிய முறை. சத்திரக்காரரின் மகனான அவருக்கு, பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு திரவம் இருக்கிறது என்று அறிவது சிறுவயதிலேயே தெரிந்த விஷயம் என்பார்கள். பெருவயிறு கண்டவரை மல்லாக்கப் படுக்கவைத்துத் தட்டினால் நடுவில் குடல்காற்று டம்மென்று ஒலிக்கும், விலாப்பக்கம் மந்தமாக ஒலிக்கும். ஒருக்களிக்கச் செய்து கொஞ்சம் காத்திருந்து தட்டினால் மந்தம் இடம் மாறியிருக்கும். நீர் கீழே இறங்கிவிட்டது. கையின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் சேர்ந்தால்தான் இந்தச் சோதனை நிச்சயமாகப் பேசும். அல்ட்ராசவுண்ட் நூறு மில்லியைக் காட்டிவிடும். மண்ணீரல் இரண்டு மூன்று மடங்கு வீங்கினால்தான் விரலுக்கு எட்டும். முதியவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் உள்ளே குடல் அழுகினாலும் வயிறு மெத்தென்றே இருக்கலாம். ஸ்கேனை வேண்டாம் என்று தள்ளுபவர் கையை மதிப்பவர் ஆகிவிட மாட்டார்.

ஆனாலும் ஸ்கேன் எதைத் தேட வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பொது மருத்துவமனை வார்டுகளில் கை பழகிய ஆபிரகாம் வர்கீஸ் அமெரிக்காவில் வலியுறுத்தி வருவது இதையே. கணினித் திரையில் இருக்கும் நோயாளி பத்திரமாகக் கவனிக்கப்படுகிறார், கட்டிலில் இருப்பவர் தனியாகக் கிடக்கிறார் என்று அவர் 2008-இல் எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் அவர் தொடங்கிய பயிற்சியில், கட்டிலருகே செய்ய வேண்டிய 25 சோதனைகளை இளம் மருத்துவர்கள் கற்கிறார்கள். கல்லீரலையும் மண்ணீரலையும் தொட்டறிவது அதில் அடக்கம். சென்னையில் நெரிசல் மிகுந்த வார்டில் இலவசமாகக் கிடைத்த வித்தை, உலகின் செலவு மிகுந்த மருத்துவமனைகளில் ஒன்றுக்குத் தனிப் பாடத்திட்டமாகப் போயிருக்கிறது. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அந்த மாணவர்களுக்கு நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. கட்டிலருகே நின்று சொல்லித்தர மூத்தவர்களுக்கு நேரம் இருக்க வேண்டும்.

வயிற்றைத் தொடும் இன்னொரு கூட்டமும் இந்தப் பக்கத்தில் உண்டு. குடல் தட்டுதல், தொக்கம் எடுத்தல் என்று பலகை வைத்திருக்கும் வீடுகள் திண்டுக்கல், மதுரை, தேனி வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்தவை. குழந்தை பால் குடிக்காமல் அழுதால் பாட்டி முதலில் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் அது. கேலி பேசி யாரையும் மாற்ற முடியாது; எந்தக் குழந்தையை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை திடீரென்று வீரிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, சில நிமிடத்தில் அமைதியாகி, கால் மணி நேரம் கழித்து மறுபடி வீரிட்டால், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். வாந்தி வரும். ரத்தமும் சளியுமாக மலம் போவது பிந்திய அறிகுறி. அதுவரை காத்திருக்கக் கூடாது. அமைதியான இடைவேளையில் மருத்துவர் மெல்லத் தொட்டால் மேல்வயிற்றில் நீளமான கட்டி தட்டுப்படலாம், வலது அடிவயிறு காலியாக இருக்கலாம். சீக்கிரம் வந்தால் ஆசனவாய் வழியே காற்றையோ நீரையோ செலுத்தியே பெரும்பாலும் குடலை விடுவித்துவிட முடியும், கத்தி தேவைப்படாது. அந்த வயிற்றைத் தட்டுவதும் பிசைவதும் ஆபத்து. அதைவிட ஆபத்து, அங்கே போய்வந்ததில் கழியும் அரை நாள்.

வலி வயிற்றில் என்றால் நோயும் வயிற்றில் என்று எண்ணுவது மருத்துவர்களுக்கும் நேர்கிற பிசகு. நாற்பதைத் தாண்டியவர் மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை என்று வந்து "வாயுங்க, சோடா குடிச்சாச் சரியாயிரும்" என்றால் முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், இதயத்தின் அடிப்பகுதி அடைப்பு அப்படித்தான் பேசும். விரதம் என்று இன்சுலினை நிறுத்திவிட்டு மலையேற வந்தவர் வயிற்று வலியும் வாந்தியுமாக, ஆழமாக மூச்சு வாங்கினால், பார்க்க வேண்டியது சர்க்கரையும் கீட்டோனும். டெங்கு காய்ச்சல் விடும் நேரத்தில் விடாத வயிற்று வலியும் பெருத்த கல்லீரலும் தெரிந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அவை எச்சரிக்கைக் குறிகள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பும் நேரம் அது அல்ல.

கடைசியாக, தோட்டத்துச் சாலையிலும் களத்துமேட்டிலும் படுத்து உறங்குபவர்கள் உள்ள ஊர்களில் தவறவே விடக் கூடாத ஒன்று: விடிகாலையில் வயிற்று வலியோடு எழுபவர். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலி பெரிதாக இராது, வீக்கம் இராது, பல் பதிந்த தடம் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். தூங்கியவருக்குக் கடிபட்டதே தெரியாது. வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, தொண்டையில் கஷ்டம் என்று தொடங்கும். வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. வாயு என்று ஊசி போட்டு அனுப்பப்பட்டவர் சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழந்து திரும்பி வருவார். கண்டுபிடிக்கும் வழி எளிது. ராத்திரி எங்கே படுத்திருந்தார் என்று கேட்க வேண்டும். ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லி, இமை தானாகக் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கும் பொது. அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும் பங்கைப் பல ஆண்டுகளாகத் தந்து வருவது மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கட்டுவிரியன் கடித்தவருக்கு நஞ்சுமுறி மட்டும் போதாமல் போகலாம், சில நாட்கள் வென்டிலேட்டரில் மூச்சுக் கொடுக்க வேண்டி வரலாம். அந்த நாட்களைக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் எழுந்து நடந்துவிடுகிறார்கள். ஆகவே அத்தகையவரை இமை விழுவதற்கு முன்பே, வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோய்விட வேண்டும்.